கட்டில் கிடைக்கும், கணக்கும் உண்டு: வெளிநாட்டு ஹாஸ்டலில் வாலன்டியராகத் தங்க முழு வழிகாட்டி

சீசன் நேரத்தில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் "ரூம் வேணுமா சார், ரூம்" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்களே, அதில் ஒருவனாக நானும் நின்றிருக்கிறேன். வட்டக்கானல் போகிற வழியில் சித்தப்பாவுக்கு ஆறு ரூம். பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து ஏப்ரல், மே என்றால் எனக்கு லீவே கிடையாது. மெத்தை தட்டுவது, வெந்நீர் வாளி தூக்குவது, வெளிநாட்டுக்காரர் வந்தால் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அரசுக்குத் தகவல் தரும் சி-ஃபார்ம் போடுவது, இதுதான் பொழுது. அங்கே தங்கிய ஓர் இஸ்ரேல் பையன் ஒருநாள் நான் விரிப்பு மாற்றுவதைப் பார்த்துவிட்டு, இதே வேலையைச் செய்துதான் மூன்று நாடுகளில் காசு கொடுக்காமல் தங்கினேன் என்றான். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நாம் செய்தால் எடுபிடி, அவன் செய்தால் அனுபவமா?

அப்புறம் இரண்டு வருஷம் கழித்து நானே நேபாளத்தில் போக்ரா போய், பத்து வாரம் பயணிகள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் அப்படித் தங்கிவிட்டு வந்தேன். அதிலிருந்து ஊரில் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ "எப்படிண்ணா போனீங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு

இதை இலவசத் தங்கல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை, பண்டமாற்றுதான். நீங்கள் நேரம் கொடுக்கிறீர்கள், அவர்கள் கட்டில் கொடுக்கிறார்கள். அதனால் எந்த ஹாஸ்டல் கூப்பிட்டாலும் முதல் வேலையாகப் பேப்பர் பேனா எடுத்து உங்கள் ஒரு மணிநேரத்துக்கு என்ன விலை விழுகிறது என்று போட்டுப் பாருங்கள்.

என் கணக்கு இது. நான் இருந்த இடத்தில் டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) கட்டில் ஒன்று ஒரு ராத்திரிக்கு 800 நேபாள ரூபாய். நம்ம 1 ரூபாய்க்கு அங்கே 1.60 என்று 1993-லிருந்து ஒரே விகிதம்தான், எனவே நம்ம காசில் 500. வாரத்துக்கு 3,500. காலைச் சாப்பாடும் தந்தார்கள், வெளியே சாப்பிட்டால் 150 ஆகும் என்று வைத்தால் வாரத்துக்கு 1,050. ஆக 4,550. வாரம் 25 மணிநேரம் என்று பேச்சு, அப்படியானால் மணிக்கு 182 ரூபாய். மோசமில்லை. ஆனால் நடுவில் ஒரு வாரம் 42 மணிநேரம் ஓடியது (அந்தக் கதை பின்னால் வருகிறது). அப்போது அதே கட்டில், அதே ஆம்லெட், மணிக்கு 108 ரூபாய்தான். ஹாஸ்டல்காரருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கணும்.

இன்னொன்று. கட்டில் மட்டும்தான் மிச்சம். மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு, பஸ், சிம் கார்டு, ஊர் சுற்றுவது எல்லாம் உங்கள் பையிலிருந்துதான். அதோடு, சண்டை வந்தால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் இரண்டு வாரம் தங்கவும், ஊருக்கு டிக்கெட் போடவும் பணம் தனியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கிளம்பாதீர்கள், சேர்த்த பிறகு போகலாம்.

எந்த நாடு என்பதை விசாதான் முடிவு செய்யும்

இங்கேதான் வெள்ளைக்காரர்கள் எழுதும் குறிப்புகள் நமக்கு உதவாமல் போகின்றன. அவர்கள் பாஸ்போர்ட் வேறு, நம் பாஸ்போர்ட் வேறு. டூரிஸ்ட் விசாவில் போய் ஹாஸ்டலில் வேலை செய்வதைப் பெரும்பாலான நாடுகள் வேலை என்றே பார்க்கும். "சம்பளம் வாங்கலையே சார்" என்பது எடுபடாது, கட்டிலே சம்பளம் என்பார்கள்.

அமெரிக்கா இதில் கறார்: சுற்றிப் பார்க்கத் தரும் பி விசாவில் போய் தங்குமிடத்துக்குப் பதிலாக ஹாஸ்டலில் உழைத்தால் அது அனுமதியில்லாத வேலை. பிரிட்டன் விசிட்டர் விசாவில் தன்னார்வ வேலைக்கு இடம் உண்டு, ஆனால் அதிகபட்சம் 30 நாள், அதுவும் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும். லாபத்துக்கு நடக்கும் ஹாஸ்டல் அதில் வராது. தாய்லாந்தில் சம்பளமில்லாத வேலைக்கும் ஒர்க் பர்மிட் கேட்பார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் டூரிஸ்ட் விசாவும் வேலைக்கானது இல்லை. ஹாஸ்டல்காரர் "ஏர்போர்ட்டில் வாலன்டியர் என்று சொல்லாதே, டூரிஸ்ட் என்று மட்டும் சொல்" என்று மெசேஜ் அனுப்பினால், அந்த நாட்டில் அது சட்டப்படி சரியில்லை என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள், அவர் இல்லை. அந்த மறுப்பு அடுத்த விசா விண்ணப்பத்திலும் வந்து உட்காரும்.

சரி, அப்போது நேர்வழி என்ன? நமக்கு மூன்று சொல்லலாம்.

ஒன்று ஆஸ்திரேலியா. 'ஒர்க் அண்ட் ஹாலிடே' என்ற 462 விசா 2024-இல் இந்தியர்களுக்குத் திறந்தது. வயது 18 முதல் 30, ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, குலுக்கலில் பெயர் போட 25 ஆஸ்திரேலிய டாலர். கிடைத்தால் ஒரு வருஷம் சுற்றலாம், வேலையும் செய்யலாம், எனவே ஹாஸ்டல் வேலைக்கு மறைந்து மறைந்து இருக்க வேண்டியதில்லை.

இரண்டு, பிரிட்டனின் இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம். இதுவும் 18-30 வயது, குலுக்கல், ஆண்டுக்கு 3,000 இடம், பட்டப்படிப்பு வேண்டும், கையில் 2,530 பவுண்டு இருப்பதைக் காட்ட வேண்டும். இரண்டு வருஷம் இருக்கலாம். நம்ம ஊரில் இதற்குத் தகுதியுள்ள எத்தனையோ பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குலுக்கலில் சேரக் கட்டணமும் இல்லை. போட்டு வையுங்கள், கிடைத்தால் கிடைக்கட்டும்.

மூன்றாவது நேபாளம். முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். விசாவே வேண்டாம். 1950-இல் இரண்டு நாடுகளும் போட்ட அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு, தங்குவது, சொத்து வைப்பது, வியாபாரம் செய்வது, நடமாடுவது இவற்றில் ஒரு நாட்டவருக்கு மற்ற நாட்டிலும் ஒரே மாதிரி உரிமை தருகிறது. நடைமுறையிலும் அங்கே ஹோட்டல், கடை, கட்டட வேலை என்று எங்கு பார்த்தாலும் இந்தியர்கள் இருக்கிறார்கள். பரிசோதித்துப் பார்க்க இதைவிடச் செலவு குறைந்த வெளிநாடு நமக்கு இல்லை. ஒத்துவரவில்லையா, ரயில் ஏறித் திரும்பிவிடலாம்.

ஏஜென்ட் என்று ஒருத்தர் வந்தால்

இந்த ஏற்பாட்டில் ஏஜென்டுக்கு வேலையே இல்லை. டிக்கெட் போட்டுத் தருகிறேன், தங்குமிடம் இலவசம், பாங்காக்கில் இறங்கினால் கார் வரும் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 2022-இல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய், மியான்மர் எல்லையில் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை அரசு மீட்டுக்கொண்டு வந்தது நினைவிருக்கும். அவர்களில் யாரும் முட்டாள்கள் கிடையாது, பேச்சு அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறது. உங்களிடம் ஹாஸ்டல் முன்பணம் கேட்கக் கூடாது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. பதிவு செய்வதற்காக வாங்கிப் பார்ப்பார்கள், நகல் எடுப்பார்கள், அது வழக்கம்தான். அசல் அன்றைக்கே கைக்கு வந்துவிட வேண்டும்.

ஊரிலேயே ஒரு சீசன்

கையில் எந்த அனுபவமும் இல்லாமல் வெளிநாட்டு ஹாஸ்டலுக்கு எழுதினால் பதில் வராது. நாம் உட்கார்ந்திருப்பது கொடைக்கானலில், வட்டக்கானலில். ஹாஸ்டலும் ஹோம்ஸ்டேயும் வேண்டிய மட்டும் இருக்கின்றன, ஏப்ரல், மே வந்தால் எல்லோருக்கும் ஆள் பற்றாக்குறை. ஒரு மாதம் ரிசப்ஷனில் நில்லுங்கள். இ-பாஸ் எடுக்காமல் கிளம்பி வந்து பாதி வழியில் போன் போடும் குடும்பத்தைச் சமாளிப்பது, ஒரே கட்டில் இரண்டு பேருக்கு புக் ஆகிவிட்டால் யாரையும் கோபப்படுத்தாமல் மாற்றி விடுவது, ராத்திரி பன்னிரண்டுக்குக் கிதார் வாசிப்பவனிடம் சிரித்துக்கொண்டே நிறுத்தச் சொல்வது, இதெல்லாம் உலகத்தில் எந்த ஹாஸ்டலுக்கும் பொது. போகும்போது முதலாளியிடம் இரண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேடுவதும் எழுதுவதும்

இதற்கென்றே தளங்கள் உண்டு. ஒர்க்அவே 2002-லிருந்து இருக்கிறது, பிரேசிலில் தொடங்கிய வேர்ல்டுபேக்கர்ஸ் 2014-லிருந்து. இரண்டிலும் ஆண்டுச் சந்தா சில ஆயிரம் ரூபாய் வரும். ஹாஸ்டலை விடத் தோட்டம், பண்ணை பிடிக்கும் என்றால் 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் பாருங்கள், பூண்டும் கேரட்டும் போட்டு வளர்ந்த பூம்பாறைப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பொருந்தும். ஒர்க்அவேயின் பொது விதி ஒரு நாளைக்கு ஐந்து மணிநேரம், வாரம் ஐந்து நாள். அதற்கு மேல் கேட்கும் இடத்தைத் தாண்டிப் போங்கள்.

சந்தா கட்டியதும் நல்ல படம் போட்டிருக்கும் ஹாஸ்டலுக்கு மனு போடாதீர்கள். பழைய வாலன்டியர்கள் எழுதிய விமர்சனங்களைக் கடைசியிலிருந்து முதல்வரை படியுங்கள். "நல்ல அனுபவம், கொஞ்சம் பிஸியாக இருந்தது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அங்கே முதுகு உடையும் என்று பொருள். அப்புறம் அதே ஹாஸ்டலைப் புக்கிங் தளத்தில் தேடி விருந்தாளிகள் எழுதியதையும் பாருங்கள், மூட்டைப்பூச்சி பற்றிய உண்மை அங்கேதான் இருக்கும்.

எழுதும் மெசேஜ் சின்னதாக இருக்கட்டும். "எனக்குப் பயணம் ரொம்பப் பிடிக்கும்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். நான் எழுதியதன் சாரம் இது: மலை ஊரில் விருந்தாளிகளுக்கு ரூம் விடும் வீட்டில் வளர்ந்தவன், ஒரு மணிநேரத்தில் பன்னிரண்டு கட்டில் மாற்றுவேன், வெளிநாட்டவர் பதிவு செய்யத் தெரியும், தமிழ், ஆங்கிலம், சுமாரான ஹிந்தி பேசுவேன், அக்டோபர் 1 முதல் பத்து வாரம் வர முடியும், உங்கள் விமர்சனங்களில் காலை செக்-அவுட் தாமதமாகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் நான் நிற்கிறேன். இந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் வந்தது. எட்டுப் பேருக்கு எழுதினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள்.

அக்டோபரைச் சும்மா சொல்லவில்லை. நம்ம நவராத்திரியை ஒட்டித்தான் அவர்களுக்குத் தஷைன், தீபாவளிக்குத் திஹார். ஊழியர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். மலையேற்றக் கூட்டம் குவிவதும் அதே அக்டோபர், நவம்பரில். ஆள் கிடைக்காமல் ஹாஸ்டல்காரர் தவிப்பது அப்போதுதான், ஆகஸ்டிலேயே எழுதிவிடுங்கள்.

சரி என்று சொல்வதற்கு முன்னால்

வீடியோ காலில் பேசுங்கள், பேசியதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். எத்தனை மணிநேரம், எந்த ஷிஃப்ட், வார விடுமுறை எப்போது, ராத்திரி ரிசப்ஷன் உண்டா, அப்படியானால் படுத்திருக்கும் நேரமும் வேலை நேரத்தில் சேருமா, சாப்பாடு எத்தனை வேளை, எங்கே படுக்கை. கடைசிக் கேள்வி முக்கியம். சில இடங்களில் வாலன்டியர் படுக்கை என்பது விருந்தாளி வந்தால் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் வாரம் மூன்று தடவை மூட்டை கட்டுவீர்கள். என் தங்கை பிறகு போனபோது பெண்கள் டார்மில் நிலையான கட்டில், பூட்டுள்ள அலமாரி, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடமாட்டேன் என்று நின்றாள். ஒரு ஹாஸ்டல் "பார்த்துக்கலாம்" என்றது, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். இன்ஷூரன்ஸ் எடுத்தால் வேலை செய்யும்போது அடிபட்டாலும் செல்லுமா என்று பாலிசியில் படியுங்கள், சாதாரண டிராவல் பாலிசி பலவற்றில் செல்லாது.

போய்ச் சேருவது

நேபாளத்துக்கு விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரைக் காட்டினால் ஏற்ற மாட்டார்கள், 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் அது செல்லும். பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் திண்டுக்கல் மாவட்டத்துக்கு மதுரை அலுவலகம், 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய்.

நான் போனது ரயிலில். பழனி மலைப்பாதையில் இறங்கி, கோயம்புத்தூர் போய், ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் பிடித்து கோரக்பூர். இரண்டு நாளுக்கு மேல் ஆகும், எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் முதல் நாளுக்குத்தான் தாங்கும். கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லைக்கு பஸ், சுமார் 100 கிலோமீட்டர். அங்கே ஒரு வளைவுக்கு அடியில் நடந்து தாண்டினால் வெளிநாடு, அவ்வளவுதான். பிறகு பைரவா, அங்கிருந்து பால்பா வழியாகப் போக்ராவுக்கு எட்டு ஒன்பது மணிநேர மலைப்பாதை. வத்தலக்குண்டு கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காதவர்கள் கூட அங்கே கொஞ்சம் யோசிப்பார்கள்.

குளிருக்குப் பயந்து மூட்டை மூட்டையாகத் துணி எடுக்க வேண்டாம். கொடைக்கானல் 2,100 மீட்டர், போக்ரா 820 மீட்டர்தான். 100 ரூபாய் நோட்டுகளாகக் கையில் வையுங்கள், நான் போனபோது பெரிய நோட்டுகளால் அங்கே தொல்லை இருந்தது. பல கடைகளில் நம்ம யுபிஐ க்யூஆரிலேயே வேலை செய்கிறது, ஃபோன்பே என்று பலகை இருக்கும், அது நேபாளக் கம்பெனி, நம்ம ஊர் ஃபோன்பே இல்லை.

போனதும் கடிகாரத்தைத் திருப்புங்கள். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிஷம் முன்னால். நான் கையில் கட்டியிருந்த வாட்ச்சை மறந்துவிட்டு முதல் நாள் ஷிஃப்டுக்கே கால்மணி நேரம் லேட், மேனேஜர் சிரித்தார், இந்தியர்கள் எல்லோரும் முதல் நாள் இப்படித்தான் வருவார்களாம். அவரைக் கூப்பிடுவது இன்னொரு சங்கடம். நேபாளியில் அண்ணனுக்குத் 'தாய்' என்று பெயர். நாற்பது வயது மீசைக்காரரை "தாய்" என்று கூப்பிட ஒரு வாரம் எனக்கு நாக்கு புரளவே இல்லை.

வேலை என்பது என்ன

காலை ஏழிலிருந்து பன்னிரண்டு என் நேரம். காபி போடுவது, பாக்கியை வாங்கிக்கொண்டு சாவி வாங்குவது, பின்பு கட்டில்கள். டார்மில் மேல் கட்டிலுக்கு விரிப்பு போடுவதுதான் பெரிய வித்தை. கீழே நின்று விசிறினால் நடக்காது. விரிப்பைச் சுருட்டியபடியே மேலே கொண்டுபோய், சுவர்ப்பக்கத்து இரண்டு மூலைகளையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே ஏணியில் இறங்க வேண்டும், கடைசியாகத்தான் வெளிப்பக்க மூலைகள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாளும் ஒரு தலையடியும் ஆனது.

ஒவ்வொரு முறையும் மெத்தையின் தையல் ஓரத்தையும் சட்டம் சேரும் மூலைகளையும் செல்போன் டார்ச்சில் பாருங்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் கருப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. உடனே மேனேஜரிடம் சொல்லி அந்தக் கட்டிலை மூடுங்கள், துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கணும், பச்சைத்தண்ணீரில் அலசினால் குளித்துவிட்டு வந்து திரும்பக் கடிக்கும். உங்கள் பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், ஊருக்கு விருந்தாளி கூட்டிக்கொண்டு வருவீர்கள்.

தகராறு வந்தால்

என் நாலாவது வாரம், கூட இருந்த இன்னொரு வாலன்டியர் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அவர் ஷிஃப்ட்டும் என் தலையில். நாளுக்கு ஏழு மணிநேரம், ஆறு நாள். "இரண்டே நாள் பாய்" என்றார்கள், வாரம் முழுக்க ஓடியது. எனக்குக் கோபமாகப் பேச வராது. ஆனால் சித்தப்பா ரூம் கணக்கு எழுதும் பழக்கத்தில் தினமும் வந்த நேரம், போன நேரம் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது நோட்டை மேஜையில் விரித்து, பேசியது 25, ஆனது 42, மிச்சம் 17 மணிநேரம், இதை லீவாகக் கொடுங்கள் தாய், நான் மலை ஏறிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் நோட்டை இரண்டு தடவை புரட்டினார். மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. அன்னபூர்ணா பகுதிக்கு நுழைவு அனுமதி நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000, எனவே அங்கேயும் நமக்குக் கொஞ்சம் லாபம்.

நோட்டைக் காட்டியும் மாறவில்லையென்றால் ஒரு வார அறிவிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரவில்லை. பாதுகாப்புப் பிரச்சினை என்றால் அந்த ஒரு வாரமும் தேவையில்லை, அன்றைக்கே வெளியே வந்து காட்மாண்டு இந்தியத் தூதரகத்துக்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணைக் கிளம்பும்முன் காகிதத்திலும் எழுதி வையுங்கள், போன் தொலைந்தாலும் உதவும்.

திரும்பும் டிக்கெட்டைப் போன கையோடு போடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், பத்து வாரம் தங்குகிறவர்கள் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் நினைவாக உட்கார வேண்டும். நான் மறந்துவிட்டேன். கோரக்பூரிலிருந்து கோயம்புத்தூர் வரை ஆர்ஏசி, பக்கத்து இருக்கைக்காரரோடு பாதிக் கட்டிலில் இரண்டு நாள்.